சிம்சிட்டி: பெயர் பழசு, ஊர் சிறுசு

2003-ல் வந்த சிம்சிட்டி 4-ல் பெரிய நகரம் என்றால் நான்கு கிலோமீட்டருக்கு நான்கு. பத்து வருடம் கழித்து, 2013-ல் வந்த சிம்சிட்டியில் இரண்டுக்கு இரண்டு. கால்வாசி நிலம்! அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தனியாக விளையாடவும் இணையம் கட்டாயமாம். வெளியான வாரமே சர்வர்கள் படுத்துக்கொள்ள, காசு கொடுத்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

பழைய ஆட்டத்தில் ஊரைச் சேமித்துவிட்டு, பூகம்பத்தை ஏவி இடித்துப் பார்த்து, மறுபடி பழையபடி திறக்கலாம். பாதி சுகமே அதில்தான். புதியதில் ஊர் சர்வரில் இருந்தது, இடிந்தால் இடிந்ததுதான். வேலை முடிந்த சிம், காலியாகக் கிடந்த ஏதோ ஒரு வீட்டில் நுழைந்தார் (குடும்பம் என்ன ஆனதோ!).

கணக்கெல்லாம் சர்வரில் நடக்கிறது, இணையமின்றி முடியாது என்றது மாக்சிஸ். 2014 மார்ச்சில் அதே மாக்சிஸ் இணையமில்லாமல் ஆடும் வசதியைத் தந்தது. நிலம் மட்டும் கடைசிவரை விரியவில்லை.