கலவையை அளக்க மதுரையில் ஓர் இடம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் அரிதாகி, மதராஸ் ராஜதானியின் மோட்டார்ப் போக்குவரத்தே ஸ்தம்பித்துவிடுமோ என்ற நிலை உண்டான காலத்தில், மதுரையில் தோன்றி வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனம், மரக்கரியை வாயுவாக்கி அந்த வாயுவினால் எஞ்சினை இயக்கும் காஸ் பிளான்ட் என்ற சாதனத்தை வடிவமைத்துத் தயாரித்தது. இது இவ்வூரின் தொழிற்சரித்திரத்தில் பெருமையோடு நினைக்கத்தக்கது. ஜனங்கள் கரி பஸ் என்று அழைத்த அத்தகைய வண்டிகளில், பெட்ரோலில் கிடைத்த சக்தியின் கணிசமான பகுதி நஷ்டமாகிவிடும். அந்த நஷ்டத்தைக் குறைக்க ஓட்டுநருக்கு இருந்த உபாயமெல்லாம், வாயுவும் காற்றும் சேரும் விகிதாசாரத்தை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தக்கபடி கையால் திருத்திக்கொண்டே போவதுதான்.

இன்று சிம்மக்கல்லிலும் வடக்கு வெளி வீதியிலும் உள்ள உதிரிபாகக் கடைகளிலும், திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பரப்பிக் கிடக்கும் பழைய சாமான்களிடையேயும், தன் காருக்குப் பெரிய டர்போ கிடைக்குமா, பெரிய இன்ஜெக்டர் கிடைக்குமா என்று விசாரிக்கும் இளைஞனுக்கும் அதே கலவைதான் பிரச்னை. ஆனால் கரி பஸ் ஓட்டுநரின் கையில் இருந்த வால்வு இவனுடைய காரில் ஒரு கணிப்பொறிக்குள் எண்களாக ஒளிந்திருக்கிறது. இந்த இளைஞனை வேகப்பித்துக் கொண்டவன் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவன் தேடுவது ஒரு நுட்பமான சாஸ்திரம் என்பதும், அதைச் சரியாகக் கற்கவும் அளந்து பார்க்கவும் நாம் அவனுக்கு ஓர் இடம்கூட அமைத்துத் தரவில்லை என்பதுமே என் அபிப்பிராயம்.

விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் சிலிண்டர் உறிஞ்சும் காற்றோடு திருப்தியடைகிறது. டர்போசார்ஜரோ, வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகிறது. ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற இந்த யோசனை, 1962இல் அமெரிக்கக் கார்களில் விற்பனைக்கு வந்து, இப்போது நம் சாலைகளில் ஒரு லிட்டர் எஞ்சின்களில்கூடச் சாதாரணமாகிவிட்டது. காற்று கூடினால் எரிபொருளும் கூடத்தான் வேண்டும். அதுவும் முழு இழுவையில் ஓடும்போது 14.7 போதாது, 12க்கு 1 என்ற அளவை ஒட்டி, எரியத் தேவையானதைவிடச் சற்று அதிகமாகவே பெட்ரோல் கொடுக்க வேண்டும். அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் உஷ்ணத்தைத் தணிக்கிறது. அது குறைந்துபோனால், அதாவது மெக்கானிக்குகள் சொல்கிறபடி கலவை ‘லீன்’ ஆகிவிட்டால், அதன் ஒரு பகுதி தானாகவே வெடித்து, எஞ்சின் நாக்கிங் செய்யத் தொடங்கும். சில விநாடிகள் அப்படியே அழுத்தி ஓட்டினால் பிஸ்டனின் தலை ஓட்டையாகிவிடவும் கூடும்.

இன்ஜெக்டரின் அளவும் இவ்விதமே கணக்குக்கு உட்பட்டது. டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் முழுச் சக்தியில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு ஏறக்குறைய 250 கிராம் எரிபொருள் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், 150 குதிரைசக்திக்கு 37.5 கிலோ ஆகிறது. அதை நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிட்டு, எந்த இன்ஜெக்டரும் கிடைக்கும் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கலாகாது என்ற விதியையும் சேர்த்தால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குச் சுமார் 260 கன சென்டிமீட்டர் பாய்ச்ச வல்லதாக இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினில், இரண்டு சுற்றுகள் கொண்ட ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது விநாடியில் ஆயிரத்தில் இருபது பங்குதான். அதில் பதினாறு பங்குக்குள் வேலையை முடித்தாக வேண்டும். அப்படியானால் 500 கன சென்டிமீட்டர் இன்ஜெக்டரையே பொருத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெரிய இன்ஜெக்டர், எஞ்சின் சும்மா நின்று ஓடும் நேரத்தில் மிகச் சொற்பமான துளியைக் கொடுக்க வேண்டியிருக்கும்போது, திறப்பதற்கே ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி எடுத்துக்கொண்டு, அளவு தவறி ஒரு சமயம் அதிகமாகவும் ஒரு சமயம் குறைவாகவும் தெளிக்கும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். புகையைச் சுத்திகரிக்கும் வினைவேக மாற்றி கெட்டுவிடும். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்துக்கும் மேல் பீய்ச்சும் தற்கால எஞ்சின்களிலோ தெளிக்கக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. சந்தையில் வாங்கிய இன்ஜெக்டரை அவற்றில் மாட்டிப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

டீசல் கார்களில் ஆபத்து நேர்மாறானது. அங்கே எரிபொருள் மிகுந்தால்தான் உஷ்ணம் ஏறுகிறது. கணிப்பொறியின் எண்களை மாற்றி ரீமேப் செய்த டீசல் கார் நான்குவழிச் சாலையில் கரும்புகை கக்கிப் பாய்வதைப் பிக்கப்பின் அடையாளமாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது காற்றுப் போதாமல் பாதி எரிந்த டீசல். அதைச் சுவாசிப்பவர்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற குடும்பத்தார்.

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம், காப்பி நிறமாக இருந்தால் சரி என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்பழக்கத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பிளக்கின் நிறம் நெடுநேர ஓட்டத்தின் சராசரியைக் காட்டுமேயன்றி, டர்போ முழு அழுத்தத்தில் நின்ற சில விநாடிகளில் நடந்ததைக் காட்டாது. 1976இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்த ஆக்ஸிஜன் உணர்கருவிகூட, கலவை 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத்தான் நம்பகமாகச் சொல்லக்கூடியது. முழு இழுவையில் கலவையின் உண்மையான அளவை அறிய, விரிந்த வரம்பில் அளக்கும் உணர்கருவியும், காரை நின்ற இடத்திலேயே சுமையோடு ஓட்டிப் பார்க்கும் டைனமோமீட்டரும் இன்றியமையாதவை. இவை இல்லாத ஊரில் ரீமேப் வேலைக்குப் பரிசோதனைச்சாலை பொதுச்சாலைதான் என்றாகிவிடுகிறது.

இதற்கிடையே, இளைஞன் எதையும் தொடாமலே அவன் காரின் கலவை மாறிவிட்டது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்க்கும் இலக்கை மத்திய சர்க்கார் 2030இலிருந்து 2025க்கு முன்கொணர்ந்து நிறைவேற்றியும் விட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜன் கொண்டது. ஆகவே இந்தக் கலப்பு எரிபொருள் ஒரு கிலோவுக்கு 14.7 அல்ல, 13.5 கிலோ காற்றே போதும். மேலே சொன்ன 260 கன சென்டிமீட்டர் இதனால் 280ஐ எட்டுகிறது. மிதமான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் உணர்கருவி இந்த வித்தியாசத்தைத் தானே ஈடுசெய்துவிடும். பழைய கார்கள் பலவற்றில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை. எத்தனாலைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆக்டேன் எண் 91லிருந்து 95க்கு உயர்வது டர்போ எஞ்சினுக்கு மெய்யாகவே அநுகூலம். எரிபொருளையே தேசம் மாற்றும்போது, அதன் விளைவைத் தன் வண்டியில் அளந்தறியும் வசதி பிரஜைக்கும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. தடை நியாயமானதே. ஆனால் அதே பிரிவு, அங்கீகரித்த கருவித் தொகுதியைக்கொண்டு காரை எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்ள வழி திறந்துவிட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். எரிபொருளின் ஜாதியையே மாற்ற ஒழுங்கான மார்க்கம் இருக்கும்போது, அதன் அளவைத் திருத்துவதற்கு ஒன்று ஏற்படுத்துவது அசாத்தியமா? வருஷந்தோறும் புகைச் சான்று வாங்குகிறோம்; அந்தப் பரிசோதனை நின்ற காரில், சுமையில்லாத எஞ்சினில் நடக்கிறது. டர்போ அழுத்தம் ஏறும் நிலையை அது தொடுவதே இல்லை. ஆகவே அபாயகரமாக ரீமேப் செய்த காரும் அதில் தேறிவிடலாம்.

முறையான பரிசோதனைக்கு இப்போது தமிழ்நாட்டில் உள்ள பெரிய மத்திய நிலையம் ஒரகடத்தில், மதுரையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதுவும் வாகனத் தயாரிப்பாளர்களின் தேவைகளுக்காக எழுந்தது. கோ.புதூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, 1946 முதல் நடந்துவரும் தமிழ்நாடு பாலிடெக்னிக்கிலோ ஒரு டைனமோமீட்டரை நிறுவி, பகலில் மாணவர்களுக்கும் மாலையில் கட்டணம் பெற்று ஊர் மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிடுவது ராஜ்ய சர்க்காருக்குப் பெரிய செலவன்று. அங்கே ஒவ்வொரு காருக்கும் குதிரைசக்தி, சுமையின் கீழ் காற்று-எரிபொருள் விகிதம், நாக்கிங் உண்டா என்பது, புகையின் அளவு ஆகிய நான்கும் பதிவாகட்டும். வரம்புக்குள் இருக்கும் காருக்கு அந்த அறிக்கையைப் பதிவுச் சான்றோடு இணைத்துக்கொள்ள விதிகளில் இடமளிக்கும்படி மத்திய சர்க்காரை நம் போக்குவரத்துத் துறை வற்புறுத்தட்டும். வரம்பு மீறியதை அதே வாரத்தில் பழைய நிலைக்குத் திருப்பிக் காட்டும்படி உத்தரவிடட்டும். அந்த நிலையத்தை நடத்தும் குழுவில் பேராசிரியர்களோடு, பிளக்கின் நிறம் பார்த்தே கலவை சொல்லும் மூத்த மெக்கானிக் ஒருவருக்கும் சம்பளத்தோடு ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.