கோலி

திருவையாறு பக்கம் தாளடி அறுத்த வயலில் பந்து விளையாடும்போது, ஓடத் தெரியாத என்னைத்தான் கோலியாக நிறுத்துவார்கள். கோல் விழுந்தால் திட்டு. தடுத்தால் ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். (இப்போ ஆபீஸிலும் அதே உத்தியோகம்தான் சார்!)

பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்தபோது சென்டர் ஃபார்வர்டு. அப்புறம்தான் கோலி. 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது.

அதெல்லாம் விடுங்கள். 1962, ஜகார்த்தா ஆசியப் போட்டி. முதல் மேட்சில் 0-2 என்று நம்மைச் சாத்திய அதே தென்கொரியாதான் ஃபைனலிலும்! கோச் ரஹீம், பிரத்யுத் பர்மனை உட்காரவைத்துவிட்டு, பனைமர உயரத் தங்கராஜை இறக்கினார். 2-1. தங்கம்!

தங்கராஜ் 2008-ல் பொகாரோவில் காலமானார். அவருக்கு ஒரு சல்யூட். ஆனாலும், அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருந்த பர்மன் என்ன நினைத்திருப்பார்? எனக்கு அந்தக் கவலைதான்.