மறைத்த கலை மடியும்

பூனை புலிக்கு ஆசானாக இருந்த கதை நாம் அறிந்ததே. பதுங்கவும் பாயவும் கற்றுக்கொடுத்த பூனை, மரமேறும் வித்தையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் உயிர் பிழைத்தது. பூனையின் அறிவை மெச்சுகிறோம். ஆனால் நம் ஆசான்மாரில் பலர் அந்தப் பூனையின் வழியையே பின்பற்றினார்களே, அதனால் என்ன ஆயிற்று? சிலம்பத்தில் கடைசி அடியும், வர்மத்தில் கடைசிப் புள்ளியும் ஆசானோடு சுடுகாடு சென்றன. பூனை பிழைத்தது, கலை பிழைக்கவில்லை.

கலை பிழைக்க ஆசான் எப்படி இருக்க வேண்டும்? இதற்கு நல்ல விடை ஜூடோவின் வரலாற்றில் இருக்கிறது. ஜூடோ என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது திரைப்படச் சண்டைதான். குடியாத்தத்து கே. கே. இரத்தினம், 2023இல் மறையும்வரை 'ஜூடோ' ரத்தினம் என்றே தமிழகத்துக்கு அறிமுகமானவர். ஆயின் அந்தக் கலையை உருவாக்கியவர் சண்டைக்காரர் அல்லர். நம்மைப் போன்ற ஒரு பல்கலைக்கழக மாணவர். பெயர் கானோ ஜிகோரோ.

1860இல் பிறந்த கானோ சிறிய உடலினர். பள்ளியில் வலியவர் கையில் அடிபட்டவர். எளியவன் வலியவனை வெல்ல ஜூஜுட்சு என்ற பழைய மல்லுக்கலை வழிகாட்டும் என்று கேள்விப்பட்டார். கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. 1868இல் ஆட்சி மாறியது; 1876இல் வாள் ஏந்தத் தடை வந்தது. பழைய கலைகளை நாடே பழித்த காலம் அது. மல்லுக்கலை ஆசான்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். அத்தகைய ஒருவரை, ஃபுகுடா ஹச்சினோசுக்கே என்பவரை, 1877இல் தேடிக் கண்டுபிடித்தார் கானோ.

ஆசான் ஒரு நாள் அவரைத் தூக்கி எறிந்தார். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார் மாணவர். விடையாக மீண்டும் எறிந்தார் ஆசான். மறுபடி கேள்வி, மறுபடி எறிதல். விழுந்து விழுந்து பழகினால் தானே வரும் என்பதே அவருடைய பாடமுறை. அவர் எதையும் மறைக்கவில்லை; விளக்கும் வழி அவரிடம் இல்லை, அவ்வளவே. 1879இல் அவர் மறைந்தார். அடுத்த ஆசான் ஈசோ மசாதோமோவும் 1881இல் மறைந்தார். மூன்றாவதாக ஈகுபோ சுனெதோஷியிடம் போனார் கானோ. இடையில், தம்மினும் பருத்த ஒரு தோழனை வெல்ல முடியாதபோது, நூலகத்துக்குச் சென்று மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். அங்கே கண்ட முறையைப் பழகி, அவனைத் தோளில் தூக்கி எறிந்தார். கலைக்கு ஊர் எல்லை ஏது?

"எப்படி?" என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. விடையும் கிடைத்தது: எறிவதற்கு முன் எதிரியின் நிலையைக் குலைக்க வேண்டும். நாம் இயற்பியல் வகுப்பில் படிப்பதுதான். உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் நேர்கோடு பாதங்களின் பரப்புக்கு உள்ளே விழும்வரை நிற்கலாம். வெளியே போனால் சாய வேண்டியதே. தள்ளுகிறவனை எதிர்த்துத் தள்ளாமல் அவன் வரும் திசையிலேயே இழுத்தால், அவன் வலிமையே அவனைச் சாய்க்கும். இந்தத் தெளிவோடு கானோ ஈகுபோவை அடுத்தடுத்து எறிந்தபோது, காரணம் கேட்டறிந்த ஆசான், இனி உனக்குக் கற்பிக்க என்னிடம் ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டார். மாணவனிடம் கேட்டறிய நாணாத அந்த ஆசானும் வணக்கத்துக்குரியவரே!

1882இல், 21ஆம் வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் 12 பாய்கள் விரித்து, ஒன்பது மாணவரோடு கானோ தொடங்கிய பள்ளியே கோடோகான். அவர் கற்பித்த முதற்பாடம் வெல்வது அன்று, அடிபடாமல் விழுவது. காரணம் சொல்லிக் கற்பித்தார். பின்னாளில் பெண்களுக்கும் கதவைத் திறந்தார்.

நம் நாட்டிலும் அந்தக் கதவு திறந்தது. தாகூர் அழைக்க, 1929இல் சாந்திநிகேதனுக்கு வந்த தகாகாகி ஷின்சோ, ஆண்களோடு பெண்களுக்கும் ஜூடோ கற்பித்தார்.

இதையெல்லாம் படித்தபோது எங்கள் கோலார் தங்கவயல்தான் என் நினைவுக்கு வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றிய பின், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் மக்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பிறந்தவன் நான். சுரங்கத்தை என் தாத்தாவின் வாய்மொழியாகவே அறிவேன். மேலே உள்ள பாறையைக் கடப்பாரையால் தட்டி, 'கணீர்' என்றால் உறுதி, 'டொக்' என்றால் ஆபத்து என்று புதிதாக இறங்கியவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களாம். அந்த வித்தையை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஒளித்தால் விழும் பாறை இருவர் தலையிலும் அல்லவா விழும்!

அதே மனிதர்கள் மேலே வந்து கம்பு பிடித்தால் வேறு மனிதர்கள். எங்கள் லைனில் ஒரு சிலம்ப ஆசான் இருந்தார். சுவடும் வீச்சும் கற்றுக்கொடுப்பார். அதற்குமேல் கேட்டால் சிரிப்பார். பையன்கள் வளர்ந்தார்கள், மாரிகுப்பத்தில் விடியற்கால ரயில் ஏறிப் பெங்களூர் வேலைக்குப் போனார்கள். ஆசான் காலமானார். அவர் கம்பு அவர் வீட்டு மூலையில் இருக்கிறது. அவர் வித்தை எங்கே இருக்கிறது?

"எல்லோருக்கும் சொன்னால் தீயவன் கைக்கும் போகுமே" என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதற்கும் கானோ வழி செய்தார். உயிருக்கு ஊறு செய்யும் அடிகளை, முறை வகுத்த பயிற்சியில் மட்டும் வைத்தார். தயங்காமல் முழு வலிமையோடு மோதக்கூடியவற்றைப் போட்டிக்கு விட்டார். பிரித்து வைத்தார், புதைத்து வைக்கவில்லை.

"பொதுவாக்கினால் பதக்க விளையாட்டாகிப் பண்பு போய்விடுமே" என்பார்கள் வேறு சிலர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதல் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானின் கமினாகாவை, ஜப்பானிய மண்ணிலேயே வென்றார் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க். மகிழ்ச்சியில் தம் நாட்டவர் மேடையை நோக்கி ஓடிவந்தபோது கையுயர்த்தித் தடுத்து நிறுத்தினார். தோற்றவரை மதித்த அந்தக் கையில் கலையின் பண்பு இருந்தது. அயலானுக்குக் கொடுத்ததால் அது குறைந்ததா, வளர்ந்ததா?

நண்பர்களே! 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக ஏறிவிட்டது. மகிழ்கிறேன். ஆனால் மேடை ஏறியது மட்டும் போதாது. கலை ஏட்டிலும் ஏற வேண்டும். நம் சங்கம் விடுமுறைதோறும் இருவர் இருவராக மாணவரை அனுப்பட்டும். அவரவர் ஊரில் எஞ்சியிருக்கும் ஆசான்களைக் காணட்டும். ஒவ்வொரு சுவடையும் படம் பிடித்து, எழுதி, ஏன் இந்தக் கால் முன்னே, ஏன் இந்தக் கை மேலே என்று கேட்டுக் குறிக்கட்டும். ஆசானுக்கு உரிய மதிப்பூதியத்தையும் கொடுக்கட்டும். வறுமையில் வைத்துவிட்டு வித்தையை மட்டும் கேட்பது அறமன்று. வாரம் இரு மாலை நம் திடலில் பயிற்சி நடக்கட்டும். வருகிறவர் ஆணா பெண்ணா என்றோ, எந்தச் சாதி, எந்த மொழி என்றோ எவரும் கேட்க வேண்டாம்.

சிலம்பம் நமது என்று மார்தட்டுகிறோம். நமது என்றால் அதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? 12 பாயும் ஒன்பது மாணவரும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. நமக்குத் திடல் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, இளமை இருக்கிறது. இல்லாதது நேரம் ஒன்றுதான், ஆசான்கள் முதியவர்கள். வரும் விடுமுறைக்கே புறப்படுவோம்.