மேயர் வேட்பாளரை வாக்காளர் எப்போது பார்ப்பது?

சென்னை மாநகராட்சியின் தற்போதைய மாமன்றத்துக்கு 2027 மார்ச்சில் ஐந்தாண்டுகள் நிறைவடைகின்றன. அடுத்த மேயர் யார் என்ற கேள்வியை அரசியல் கட்சிகள் தத்தம் கணக்கில் போட்டுப் பார்த்துக்கொள்ளும். வாக்காளன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி வேறு. அந்தப் பதவிக்கு வரப்போகிறவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், பொதுவாழ்வில் எவ்வளவு காலம் இருந்திருக்கிறார், எதில் வென்றார், எதில் தோற்றார் என்பதை இந்நகரத்து மக்கள் எந்த நாளில் அறிந்துகொள்வார்கள்? இன்றைய விதிப்படி, வாக்களித்து முடித்த பிறகுதான்.

2022இல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். பிப்ரவரி 19 அன்று 200 வார்டுகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது. திமுக மட்டும் 153 வார்டுகளில் வென்றது. மார்ச் 4 அன்று ஆர். பிரியா போட்டியின்றி மேயரானார். 28 வயது, எம்.காம். பட்டதாரி, 74ஆவது வார்டு உறுப்பினர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு இப்பதவிக்கு வந்த மூன்றாவது பெண், முதல் தலித் பெண். வரவேற்க வேண்டிய நிகழ்வு, நானும் வரவேற்றேன். ஆனால் 74ஆவது வார்டுக்கு வெளியே வாழ்ந்த லட்சக்கணக்கான வாக்காளர்கள் அவருடைய பெயரையே அந்த வாரத்தில்தான் கேள்விப்பட்டார்கள். கோபாலபுரத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்த துண்டறிக்கைகளில் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் இருந்தன. மேயர் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. வாக்குப்பதிவு 43 சதவீதத்துக்குச் சற்று மேல் நின்றுபோனதில் எனக்கு வியப்பில்லை.

மறைமுகத் தேர்தலே தகுதியானவர்களைக் கொண்டுவராது என்று நான் வாதிடவில்லை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1688இல் தொடங்கப்பட்ட இம்மாநகராட்சியில் 1933இல் மேயர் பதவி மீண்டும் உருவாக்கப்பட்டு முத்தையா செட்டியார் அதில் அமர்ந்தபோதும், அதன்பின் நாற்பது ஆண்டுகளும், மாமன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், பதவிக்காலமும் ஓராண்டுதான். அப்படி வந்தவர்களில் ஜே. சிவசண்முகம் பிள்ளை பின்னாளில் சட்டப்பேரவைத் தலைவரானார். 1945இல் மேயரான என். சிவராஜ் சட்டக் கல்லூரியில் கற்பித்தவர், அகில இந்திய அளவில் தாழ்த்தப்பட்டோர் இயக்கத்தின் தலைவர். 1957இல் மேயரான தாரா செரியன் சமூகசேவையில் நெடுங்காலம் உழைத்தவர். இட ஒதுக்கீட்டால் அனுபவமற்றவர்கள் வந்துவிடுகிறார்கள் என்று நடைப்பயிற்சியின்போது சொல்லும் நண்பர்கள், சிவசண்முகம் பிள்ளையும் சிவராஜும் எந்த ஒதுக்கீடும் இல்லாத காலத்தில் வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திறமைக்கு அந்தச் சமூகங்களில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை, கதவுதான் அடைபட்டிருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. விடுதலைக்கு முன்பு வரி செலுத்தும் சிறு கூட்டத்துக்கே வாக்குரிமை இருந்தது. வாக்காளரும் வேட்பாளரும் ஏறத்தாழ ஒரே வட்டத்தினர். இவர் யார் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. பல லட்சம் வாக்காளர்கள் உள்ள நகரத்தில் அந்த அறிமுகம் தானாக நிகழாது.

அன்றைய மேயரின் பணி எத்தகையது என்பதற்குப் பூண்டியே சான்று. 1939இல் சத்தியமூர்த்தி மேயரானபோது நகரத்தில் கடும் குடிநீர்ப் பஞ்சம். உலகப் போரும் தொடங்கியிருந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்ட ஆங்கிலேய அரசை வற்புறுத்தி இணங்கவைத்தார். 1944இல் பணி முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. ஓராண்டு மட்டுமே பதவியில் இருந்த ஒருவரால் அது இயன்றதென்றால், அதற்கு அவர் மேயராவதற்கு முன்பு சட்டமன்றங்களில் அரசுடன் வாதாடிப் பெற்றிருந்த பயிற்சியே காரணம். பதவியில் இருந்த ஓராண்டில் அவர் செலவிட்டது அந்தச் சேமிப்பைத்தான்.

இன்று ஒரு சத்தியமூர்த்தி மேயரானாலும் குடிநீர் அவர் கையில் இருக்காது. 1978இல் அது குடிநீர் வாரியத்துக்குப் போய்விட்டது. நகரத் திட்டமிடல் சிஎம்டிஏவிடம், குடிசைப் பகுதி மேம்பாடு 1970இலேயே தனி வாரியத்திடம். நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம். 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 5,000 கோடி ரூபாயைத் தாண்டிய வரவு செலவுத் திட்டமும் உள்ள மாநகராட்சியின் மேயர், தெருவில் ஓடுவது மழைநீரா கழிவுநீரா என்று பார்த்த பிறகே அது தன் பொறுப்பா என்று சொல்ல முடியும்.

அனுபவம் என்பது பயன்படுத்தப் பயன்படுத்த வளரும் மூலதனம், பயன்படுத்தாவிட்டால் அழிந்துவிடும். மஸ்டர் ரோல் முறைகேட்டுப் புகார்களை அடுத்து 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தலே இல்லை. 23 ஆண்டுகள்! 1973இல் 25 வயதில் வார்டு உறுப்பினராகியிருக்க வேண்டியவருக்கு 1996இல் 48 வயது. நிலைக்குழுவில் அமர்ந்து, ஒப்பந்தப்புள்ளிகளைப் படித்து, சொத்துவரிக் கணக்கில் கேள்வி கேட்கக் கற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறையே உருவாகவில்லை. 2016இல் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தபின் 2022 வரை மீண்டும் தனி அதிகாரிகளின் ஆட்சி. மேயர் பதவிக்கு அனுபவமுள்ளவர்கள் கிடைப்பதில்லை என்று கட்சிகள் சொல்லுமானால், அந்தப் பஞ்சத்தை உண்டாக்கியதில் அவற்றின் அரசுகளுக்கும் பங்குண்டு.

நேரடித் தேர்தல் சென்னைக்கு வந்தது 1996இல். மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். கோபாலபுரத்துக்காரர்களான எங்களுக்கு அண்டைவீட்டுச் செய்தி. 2001இல் மீண்டும் வென்றார். அதற்குள் மாநில ஆட்சி அதிமுகவிடம் போயிருந்தது. ஒருவர் இரு பதவிகளில் இருக்கக்கூடாது என்று 2002இல் சட்டம் வந்தது. சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் மேயர் பதவியை விட்டார். கொள்கையளவில் தவறில்லாத சட்டம்தான். அது வந்த நேரம்தான் பேசவைத்தது.

வேட்பாளரின் கடந்தகாலத்தை இந்நகரம் கடைசியாக எடைபோட்டது 2011இல். ஒருபுறம் ஐந்தாண்டுகள் மேயராக இருந்து முடித்த மா. சுப்பிரமணியன். மறுபுறம் மனிதநேய அறக்கட்டளையின் மூலம் ஏழை மாணவர்களுக்குக் குடிமைப்பணித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி அளித்துவந்த சைதை துரைசாமி. ஒருவருடைய நிர்வாகச் செயல்பாடும் இன்னொருவருடைய தொண்டும் மக்கள் முன்பு ஒரே சீட்டில் நின்றன. துரைசாமி பெரும் வித்தியாசத்தில் வென்றார். அவ்வாண்டு வீசிய அரசியல் அலைக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இருவரையும் பற்றி ஒரு தேநீர்க்கடையில் வாதிட முடிந்தது. நல்ல தொண்டர் நல்ல நிர்வாகியாவாரா என்ற கேள்வியை மக்கள் தேர்தலுக்கு முன்பே கேட்டுக்கொண்டார்கள்.

அதன்பின் அந்த வாய்ப்பே எடுக்கப்பட்டுவிட்டது. 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2016இல் மறைமுகம், 2018இல் மீண்டும் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் வழியாக மீண்டும் மறைமுகம். 13 ஆண்டுகளில் விதி ஐந்து முறை திரும்பியது. இரண்டு கழகங்களும் இதில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் நிர்வாக நலன். எனக்குத் தெரிந்தவரை, முந்தைய முறையின் பலன் என்ன என்று ஆராய்ந்து எந்த மாற்றமும் வரவில்லை.

இதன் விலையை 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து, பெரும்பாலும் பெண்களான பணியாளர்கள் 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். பின்னர் நள்ளிரவில் காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். திரு.வி.க. நகர் மேயரின் சொந்த மண்டலம். தனியார்மயம் சரியா தவறா என்பது நீண்ட விவாதம். செலவுக் கணக்கு ஒன்றைச் சொல்லும், பணிப் பாதுகாப்பு வேறொன்றைச் சொல்லும். ஆனால் அமைச்சர்களும் அதிகாரிகளும் முன்னின்று பேசிய அந்த நாட்களில், மேயரின் நிலைப்பாடு என்ன என்று கேட்க நகரத்தில் பெரிதாக யாருக்கும் தோன்றவில்லை. தனியார்மயத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று 2022இல் நாம் கேட்டிருக்கவே முடியாதே.

நியூயார்க்கில் 2025 நவம்பரில் நடந்த தேர்தலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோரான் மம்தானிக்கு 34 வயது. மாநிலப் பேரவையில் 2021 முதல் உறுப்பினராக இருந்ததே அவருடைய அனுபவம். எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ கியூமோ அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். இவ்வளவு இளையவரிடம் இவ்வளவு பெரிய நகரத்தை ஒப்படைப்பதா என்று மாதக்கணக்கில் விவாதித்தார்கள். கியூமோவின் பழைய பதவிக்காலமும் அதே அளவு அலசப்பட்டது. அதன்பின் வாக்களித்து இளையவரைத் தேர்ந்தார்கள். பிரியாவின் வயதைப் பற்றி இங்கே எழுந்த முணுமுணுப்புகள் அவர் பதவியேற்ற பிறகு எழுந்தவை. அவற்றுக்குப் பதில் சொல்லி வாக்குக் கேட்கும் வாய்ப்பு அவருக்கும் மறுக்கப்பட்டது. அது அவருக்கே இழைக்கப்பட்ட அநீதி என்றும் கருதுகிறேன்.

நேரடித் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதிகாரம் இல்லாத பதவிக்கு நகரம் முழுவதும் வாக்குக் கேட்பது செலவு மிகுந்த ஊர்வலமாக முடியும் என்பதையும் அறிவேன். சட்டம் மாறும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. மேயர் பதவிக்கு யாரை நிறுத்தப் போகிறோம் என்பதைக் கட்சிகள் வேட்புமனு நாளிலேயே அறிவிக்கலாம். அதைத் தடுக்கும் விதி எதுவுமில்லை. வேட்பாளர்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்தும் வழக்கும் கல்வியும் இருக்கின்றன. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் எத்தனை மாமன்றக் கூட்டங்களுக்கு வந்தார், எந்த நிலைக்குழுவில் என்ன கேட்டார், வார்டு நிதியை எதில் செலவிட்டார் என்பதும் அதனுடன் சேரலாம். மாநகராட்சியிடம் இந்தப் பதிவேடுகள் இல்லாமலா இருக்கும்?

இன்னொன்றும் உண்டு. 2022இல் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட அறிவிப்பு ஜனவரியில் வந்தது. வாக்குப்பதிவு பிப்ரவரியில் முடிந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தில் எந்தக் கட்சியாலும் யாரையும் நகரத்துக்கு அறிமுகப்படுத்த முடியாது. அடுத்த சுழற்சியில் பதவி யாருக்கு ஒதுக்கப்படும் என்பதை ஓராண்டுக்கு முன்பே அரசாணையாக வெளியிடுவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.