கைக்கருவியில் மேசைக் கணினி: எவர் இசைவு வேண்டும்?

மேசைக் கணினிக்கென எழுதப்பெற்ற மென்பொருளைக் கையடக்கக் கருவியில் ஓட்ட முனைவது பித்தர் செயல் என்று, தமிழாசிரியர் கூடியிருந்த ஓர் அரங்கில் நண்பர் ஒருவர் கூறினார். அவையில் சிரிப்பும் எழுந்தது. சிரித்தவருள் பலர் மடியில் பலகைக் கணினி வைத்திருந்தனர். அக்கருவியில் எந்த மென்பொருள் ஓடலாம், எது ஓடலாகாது என்று முடிவு செய்யும் உரிமை தம்மிடம் இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அச்சிரிப்புக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பித்தர் செயல் என்று நண்பர் இகழ்ந்தது எதனை? பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் 770 என்னும் எண்ணிட்ட சிறு கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது தொலைபேசி அன்று. இணையம் காண்பதற்கென்றே அமைந்த பலகை. 2007-இல் என் 800-உம் அதன்பின் என் 810-உம் வந்தன. இவற்றை இயக்கியது மேமோ என்னும் இயங்குதளம். அது லினக்சை, அதிலும் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடியாகக் கொண்டது. என் 810-இன் நினைவகம் 128 மெகாபைட். நுண்செயலியின் விரைவு 400 மெகாஹெர்ட்ஸ். திரையின் அளவு நான்கு அங்குலத்திற்குச் சற்றே மிகுதி. இன்று பள்ளிச் சிறுவன் கையில் இருக்கும் மலிவான தொலைபேசியோடு ஒப்பிட்டாலும் இவை நகைப்புக்குரிய எண்களே.

இக்கருவிக்கென ஆக்கப்பெற்ற மென்பொருள்கள் சிலவே. ஆனால் டெபியனிலோ பல்லாயிரம் மென்பொருள்கள் ஆயத்தமாக இருந்தன. கருவியின் நுண்செயலி ஆர்ம் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கும் டெபியன் தன் மென்பொருள்களைத் தொகுத்து வைத்திருந்தது. எனவே ஆர்வலர் ஓர் எளிய வழியைக் கண்டனர். டெபியன் முழுவதையும் ஒரே கோப்பாக்கி நினைவட்டையில் வைத்தனர். 'சேஞ்ச் ரூட்' என்னும் பழைய யூனிக்ஸ் கட்டளையால், அக்கோப்பினுள் இருப்பதே கணினி முழுமையும் என்று மென்பொருளை நம்பச் செய்தனர். உட்கரு ஒன்றே; அதன்மேல் வாழும் நூலகங்கள் மட்டும் வேறு. ஒரே அடித்தளத்தின்மீது இரண்டு குடும்பங்கள் தனித்தனி அடுக்களை வைத்து வாழ்வதைப் போன்ற ஏற்பாடு இது. திரையை ஆளும் எக்ஸ் விண்டோ முறை இரண்டுக்கும் பொதுவாதலின், மேசைக் கணினியின் சாளரம் கைக்கருவியின் திரையில் அப்படியே தோன்றியது. இதற்கு ஈசி டெபியன் என்று பெயரிட்டனர். ஓப்பன் ஆபீஸ் என்னும் எழுத்துப்பணித் தொகுப்பும், கிம்ப் என்னும் படத்திருத்தியும் உள்ளங்கையில் ஓடின.

நண்பரின் குறைகூறல்கள் பொய்யல்ல. அதையும் நேர்மையாகக் கூறிவிட வேண்டும். நானே 2009-இல் என் 810 ஒன்றை இரண்டாங்கை விலைக்கு வாங்கி இச்சோதனையில் இறங்கினேன். ஓப்பன் ஆபீசைத் தொட்டுவிட்டு எழுந்து சென்று தண்ணீர் அருந்தித் திரும்பினாலும் அது திறந்து முடிந்திராது. நினைவகம் போதாமல் நினைவட்டையின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்த நேர்ந்தது. சில பெட்டிகள் திரையைவிட உயரமாக விரிந்து, 'சரி' என்னும் பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ மறைந்துவிடும். விரல் நுனிக்கு அகப்படாத சிறு சின்னங்களை எழுத்தாணியால் குத்தவேண்டியிருந்தது. (ஓலையில் எழுத்தாணி பிடித்த மரபினர்க்கு அது பெருங்குறையா என்று நான் நண்பரைக் கேட்டதுண்டு, அவர் இரசிக்கவில்லை.)

ஆயினும் ஓர் இரவில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். மறுநாள் காலையில் அச்சிட வேண்டிய தமிழ் வினாத்தாள் என் நினைவட்டையில் இருந்தது. நானோ உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக வெளியூரில் இருந்தேன். கருவியோடு வந்த மென்பொருள் எதனாலும் அக்கோப்பைத் திறக்க இயலவில்லை. டெபியனுள் புகுந்து, தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவி, ஓப்பன் ஆபீசில் திறந்தேன். கொம்புகளும் கால்களும் தத்தம் இடத்தில் ஒழுங்காக நின்றன. இருமுறை இடம்பெற்றிருந்த வினா ஒன்றை நீக்கினேன், எண்களைத் திருத்தினேன், சேமித்தேன். அரைமணி நேரம் பிடித்தது. மறுநாள் வினாத்தாள் அச்சாயிற்று. அக்கருவியை ஆக்கியோர் இதனை எண்ணிச் செய்தாரல்லர். தமிழ் வினாத்தாளையோ வெளியூர் ஆசிரியனையோ அவர்கள் கனவிலும் கண்டிரார். ஆயினும் என்னைத் தடுத்தாரல்லர். என் வாதம் இந்தத் தடுக்காமையைப் பற்றியது. விரைவைப் பற்றியதன்று.

"ஒவ்வொரு கருவிக்கும் அதற்கெனவே செய்த செயலி வேண்டும்; சிறு திரைக்குரியதைச் சிறு திரையில் காண்பதே முறை" என்பர் மாற்றுக் கட்சியினர். வளமான மொழியினர்க்கு அது பொருந்தும். ஆங்கிலத்திற்குச் செயலி செய்ய ஆயிரம் நிறுவனம் வரும். நம் மொழிக்கு யார் வருவார், எப்போது வருவார்? வரலாற்றை நோக்குவோம். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-இல் உருவாக்கினார். கணினி செய்த நிறுவனத்தின் வாயிலில் அவர் இசைவுக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. கணினி திறந்த கதவாக இருந்தது. தமிழ் உள்ளே நுழைந்தது.

இனி ஐபோனைப் பாருங்கள். அது 2007-இல் வந்தது. அதன் விசைப்பலகைகளுள் தமிழ் இடம்பெற்றது 2013-இல். பிறர் செய்த விசைப்பலகையை நிறுவிக்கொள்ள 2014 வரை வழியே இல்லை. தமிழ் விசைப்பலகை செய்ய வல்லவர் நம்மிடையே இருந்தனர்; கருவியும் நம் கையில் இருந்தது; விலையும் நாமே கொடுத்தோம். இருந்தும், தட்டச்சு செய்யும் எளிய உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் பிறர் வாயிலில் நின்றோம். வழங்கியபோது நன்றி கூறினோம். நன்றி கூறியது தவறென்று சொல்லேன். நிற்க வைத்தது முறையோ என்றுதான் கேட்கிறேன்.

திறன் போதாமையே தடைக்குக் காரணம் என்று எவரேனும் கூறின், 2021-இல் வந்த ஐபேட் புரோவைக் காட்டுவேன். அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் மேக்புக் ஏர் மடிக்கணினியில் வைத்த அதே எம் 1 நுண்செயலியை அதிலும் வைத்தனர். நினைவகம் 8 கிகாபைட். உயர்ந்த வகையில் 16. உள்ளம் ஒன்றாக இருந்தும் மடிக்கணினியின் மென்பொருளை அப்பலகையில் நிறுவ இயலாது. 128 மெகாபைட் நினைவகத்தோடு மூச்சுத் திணறிய என் பழைய கருவி செய்ததை, அதனினும் அறுபது மடங்குக்கு மேல் நினைவகம் உடைய கருவி செய்ய மறுக்கிறது. இங்கே குறுக்கே நிற்பது மனிதர் முடிவேயன்றி இயற்பியல் அன்று.

நோக்கியாவை நான் அறவோராகக் காட்டவில்லை. மின்னேற்றத்தை ஆளும் மென்பொருள் போன்ற சில பகுதிகளை அவர்களும் மூடியே வைத்திருந்தனர். 2010 பிப்ரவரியில் மேமோவை இன்டெலின் மோப்ளினோடு கலந்து மீகோ என்றனர். ஓராண்டு கழிவதற்குள் விண்டோஸ் பக்கம் சாய்ந்தனர். வாங்கியவர்களைக் கைவிட்டனர் என்றே சொல்லலாம். எனினும் கதவைத் திறந்து வைத்துச் சென்றமையால், 2009-இல் வந்த என் 900 கருவிக்கு ஆர்வலர் பல்லாண்டுகள் கழித்தும் புதிய லினக்சை அமைத்தனர். 2017-இல் அறிவிக்கப்பெற்ற போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் அவற்றுள் ஒன்று. பூட்டிய கருவியைச் செய்தவர் கைவிட்டால் அது குப்பைக்குத்தான் போகும்.

ஆண்ட்ராய்டின் கதை விந்தையானது. அதன் உட்கரு லினக்சே. ஆயினும் மேலே உள்ள நூலகங்களை மாற்றிவிட்டமையால் மேசைக் கணினியின் மென்பொருள் நேரே ஓடாது. ஆர்வலர் டெர்மக்ஸ் என்னும் செயலியால் ஒரு வழி கண்டனர். பாதுகாப்பின் பெயரால் விதிகள் இறுகின; 2020-இல் கூகுள் கடையில் அதன் புதுப்பித்தல் நின்றது. பிறகு 2025-இல் கூகுளே தன் பிக்சல் தொலைபேசிகளில் டெபியனை ஓட்டும் முனையம் ஒன்றை வழங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சிறு பலகையின் பயனாளர் பித்தராய்ச் செய்ததை இன்று பெருநிறுவனம் புதுமையென வழங்குகிறது. நண்பர் இதற்கும் சிரிப்பாரோ அறியேன்.

பள்ளிக்கு வருவோம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவர்க்கும் 2021-ஆம் ஆண்டின் முடிவிற்குள் கற்றல் கருவி என்பது அரசின் திட்டமாக இருந்தது. அக்கருவிகளில் மேலாண்மை மென்பொருளும் இடப்பெற்றது. பதின்மூன்று வயதுச் சிறுவன் பாட நேரத்தில் விளையாட்டில் மூழ்காதிருக்கக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை எந்த ஆசிரியர் மறுப்பார்? நானும் மறுக்கவில்லை. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் இடும் பூட்டு வேறு; கருவி செய்தவர் இட்டு, திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் பூட்டு வேறு. முன்னதை உரிய வயதில் திறந்துவிடலாம். குரோம்புக்கில் 2018 முதல் டெபியன் மென்பொருளை ஓட்டும் ஏற்பாடு உண்டு. பள்ளி விரும்பினால் அதனை மூடலாம், திறக்கலாம். இத்தகைய கருவிகளைப் பற்றி நம் ஆசிரியர் கூட்டங்களில் ஒருமுறையேனும் பேசியிருக்கிறோமா? எடையையும் வண்ணத்தையும் உறையின் விலையையும் பேசினோம்.

கருவி வாங்கும் குழுவில் தமிழாசிரியர் எவரேனும் அமர்ந்திருப்பின், விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறேன்: நாளை எங்கள் மாணவன் ஒருவன் தமிழுக்கு ஒரு சொற்பிழைத் திருத்தி எழுதினால், உங்கள் இசைவு இன்றி அதை இக்கருவியில் ஓட்ட இயலுமா? விடையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு என் பழைய பலகையை எடுத்துச் செல்ல எண்ணியுள்ளேன். வினாத்தாள் இன்னும் அதில் உள்ளது. நண்பர் எதிரிலேயே ஓப்பன் ஆபீசைத் திறந்து காட்டுவேன். அது திறக்கும் வரை அவர் தேநீர் அருந்தலாம். அதன் மெல்லிய முனையுடைய மின்னேற்றியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.