பலகணியில் நின்றுவிடாதீர்கள்



வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. வழக்கம்போல் நம் பவனி ஆலயத்திலிருந்து புறப்பட்டு, மேலத்தெரு வழியாகக் கடைமுனை வரை சென்று, கீழத்தெரு வழியாகத் திரும்பி வரும். அரைமணி நேரத்திற்கு மேல் ஆகாது. இந்த ஆண்டு அதை ஆலய வளாகத்திற்குள்ளேயே சுற்றி முடித்துவிடலாம் என்று உங்களில் சிலர் என்னிடம் கூறினீர்கள். வெயில் கடுமை, ஆட்கள் குறைவு, பிள்ளைகள் வரிசையில் நிற்பதில்லை, முன்னே செல்வோரும் பின்னே வருவோரும் ஒரே அடியைப் பாடுவதில்லை, தெருவில் பார்ப்போர் நகைப்பார்கள் என்பவை நீங்கள் சொன்ன காரணங்கள். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும், பவனி தெருவுக்குச் செல்லவேண்டும் என்பதும், அதில் நாம் மனமகிழ்ந்து நடக்கவேண்டும் என்பதும் என் கருத்து.

தேவனுடைய ஜனம் நடந்து பாடிய ஜனம். 68-ம் சங்கீதம் ஒரு பவனியை நம் கண்முன் நிறுத்துகிறது. பாடுகிறவர்கள் முன்னாகவும், வாத்தியக்காரர் பின்னாகவும், தம்புரு வாசிக்கும் கன்னிகைகள் நடுவிலும் செல்லுகிறார்கள். தாவீது கர்த்தருடைய பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் (2 சாமுவேல் 6) தன் முழுப் பலத்தோடும் நடனமாடினான். ஜனங்கள் எல்லாருக்கும், ஸ்திரீ புருஷர் என்ற வேறுபாடின்றி, உணவு பங்கிட்டு அனுப்பினான். அந்த நாளில் மகிழாத ஒருத்தியையும் வேதம் காட்டுகிறது. சவுலின் குமாரத்தியாகிய மீகாள் பலகணி வழியாய்ப் பார்த்தாள்; தன் இருதயத்தில் அவனை அவமதித்தாள். அவள் கண்டது அரசனுக்குரிய கௌரவம் குலைந்ததை மட்டுமே. அவன் யாருக்கு முன்பாக ஆடினான் என்பதை அவள் காணவில்லை.

நானும் ஒரு காலத்தில் அந்தப் பலகணியில் நின்றவன்தான். சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில், பவனி ஒழுங்காக அமையவேண்டும் என்பதில் மிகுந்த வைராக்கியம் கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் தன் சிறு மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடகர் குழுவுக்கு முன்னே வந்துவிட்டார். எல்லோரும் கேட்க அவரைக் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையை இறக்கி, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அதன்பின் பல மாதங்கள் அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வரவில்லை. மிகவும் தாமதித்தே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஐயரே, கீழ நின்னா பிள்ளைக்கு எல்லார் முதுகும்தான் தெரியுது. அதான் தோள்ல தூக்கினேன்."

இதில் எனக்கு வெட்கமுண்டாக்கும் இன்னொன்றும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கே தான் கண்ட குருத்தோலைப் பவனியை எழுதி வைத்திருக்கிறார். பேராயரோடு சபையார் அனைவரும் ஒலிவமலையிலிருந்து கால்நடையாக இறங்கி வந்தார்கள். குருத்தோலையும் ஒலிவக்கிளையும் ஏந்திய பிள்ளைகளும் அவர்களோடு வந்தார்கள். நடக்க முடியாத பிள்ளைகளைப் பெற்றோர் தோள்மீது சுமந்தார்கள். ஜனங்கள் களைத்துப்போகாதபடி எல்லோரும் மெல்ல மெல்ல நடந்தார்கள். இறையியல் கல்லூரியில் இதைத் தேர்வுக்காகப் படித்து எழுதியவன் நான். அதே காட்சி என் கண்முன் நடந்தபோது, அதை ஒழுங்கீனம் என்று எண்ணினேன்.

எனவே அடுத்த ஞாயிறன்று ஒன்றைக் கவனியுங்கள். சிலுவை மடிக்கக் கொடுத்த பனங்குருத்தில் சில பிள்ளைகள் காற்றாடி செய்து பிடித்து ஓடுவார்கள். திண்ணையில் பீடி சுற்றும் தாய்மார் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்து எழுந்து பார்ப்பார்கள். நம் விசுவாசத்தைச் சேராத அயலார் சிலர், ஆண்டுதோறும் செய்வதுபோல, வாசலில் ஒரு குடம் தண்ணீரும் தம்ளரும் வைத்திருப்பார்கள். வளாகத்திற்குள் சுற்றினால் அந்தத் தண்ணீரை நாம் எப்படிப் பெறுவோம்? முழங்கால் வலியால் ஆலயத்திற்கு வர இயலாத நம் முதியவர்கள் வாசற்படியில் காத்திருப்பார்கள். அவர்களுக்குக் குருத்தோலை கொடுப்பது யார்?

மகிழ்ச்சி என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளி இருக்கும் வீட்டின் முன் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். வாகனங்களுக்கு வழிவிடுங்கள். பக்கத்து ஊர்ப் பவனியைவிட நம்முடையது பெரிதாக இருக்கவேண்டும் என்று செலவிடாதீர்கள். பலத்தைக் காட்ட நடக்கும் ஊர்வலங்களை நம் நாடு போதுமான அளவு கண்டிருக்கிறது. நம் ஆண்டவர் கழுதைக்குட்டியின்மேல் ஏறி வந்தவர். நம் பவனி சிறியதாயிருப்பது நமக்குக் குறைவல்ல. அது அவருடைய சாயலுக்கு நெருக்கமானது.

தேவாலயத்தில் ஓசன்னா என்று ஆர்ப்பரித்த பிள்ளைகளைக் கண்டு பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் கோபமடைந்தார்கள் என்று மத்தேயு 21-ம் அதிகாரம் கூறுகிறது. இயேசுவோ அந்தப் பிள்ளைகளை அடக்கவில்லை. அவர் அடக்காத சத்தத்தை நாம் ஏன் அடக்கவேண்டும்? பெரிய வெள்ளியின் துக்கத்திற்கு நாம் போய்ச் சேரத்தான் போகிறோம். அதற்கு முன் இந்த ஒரு காலைப்பொழுதைக் கர்த்தர் நமக்கு மகிழ்ச்சியாகத் தந்திருக்கிறார். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். இம்முறை முன்வரிசைக்கே வாருங்கள்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, பிறருடைய மகிழ்ச்சியைக் குறைகாணும் கண்களை எங்களிடமிருந்து நீக்கும். சிறு பிள்ளைகளோடு உமக்கு முன்பாக நடக்க எங்களுக்குத் தாழ்மை தாரும். ஆமென்.