மவுண்ட் ஆகாத டிஸ்க் செத்த டிஸ்க் அல்ல

"மவுண்ட் ஆகலையா? டிஸ்க் போச்சு. எஃப்எஸ்செக் போட்டுப் பாரு, சரியாகலைன்னா ஃபார்மேட் பண்ணிடு." லினக்ஸ் புழங்கும் இடங்களில் இலவசமாகக் கிடைக்கும் வைத்தியம் இது.

டிஸ்க் போச்சு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தவறான ஃபைல்சிஸ்டம் வகை, தவறான ஆப்ஷன், கெட்ட சூப்பர்பிளாக் என்று மவுண்ட் கட்டளை ஒரே மூச்சில் அடுக்குவதே, எது காரணம் என்று அதற்கே தெரியாததால்தான். கெர்னல் பெரும்பாலும் பொதுவான ஒரு பிழை எண்ணை மட்டும் அதன் கையில் கொடுத்துவிட்டு, உண்மையான காரணத்தைத் தன் லாகில் எழுதிவைக்கிறது. டிமெசேஜ் (dmesg) என்று தட்டிக் கடைசிப் பத்து வரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

என் மைத்துனரின் லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் உண்டு. ஒருநாள் 'டி' டிரைவ் உபுண்டுவில் திறக்க மறுத்தது. புது டிஸ்க்குக்கே விலை கேட்டுவிட்டார். விஷயம் வேறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் எழுத விட்டால் ஃபைல்கள் கெடும் என்றுதான் லினக்ஸ் மறுத்தது. விண்டோஸுக்குப் போய், ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தோம். டிரைவ் திறந்துகொண்டது.

சூப்பர்பிளாக் போனால் எல்லாம் போச்சு என்பதும் தவறு. இஎக்ஸ்டி4 அதற்கு நகல்கள் வைத்திருக்கிறது. பிளாக் அளவு 4 கேபி என்றால் வழக்கமாக முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில். இ2எஃப்எஸ்செக்குக்கு மைனஸ் பி கொடுத்து அந்த எண்ணைக் காட்டினால், நகலை வைத்துச் சரிபார்க்கும்.

எஃப்எஸ்செக்கால் கெடுதல் இல்லை என்கிறார்களே, அதுதான் ஆபத்து. மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் ஓட்டினால் நல்ல டேட்டாவும் நாசமாகும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் வேறு கூத்து: அங்கே எஃப்எஸ்செக் வழக்கமாக எதையும் பார்ப்பதில்லை, சமர்த்தாக 'வெற்றி' சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்கான கருவி எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்.

லாகில் ஐ/ஓ எரர் வரிசையாக விழுந்தால், கேபிளை மாற்றியும் நிற்காவிட்டால், டிஸ்க் போகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அப்போதும் எஃப்எஸ்செக்கைத் தொடாதீர்கள். முதலில் டிடிரெஸ்கியூ கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ரிப்பேர் வேலையெல்லாம் அந்த நகலில்.